வேலியில் விதைத்தவர் யார்?

சென்ற இதழில் வேலியோரத்துக் கோவைக்கொடியைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வெளியாயிற்று. அதைப் படித்துவிட்டு ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களிலிருந்து வாசகர்கள் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ஐயத்தையே வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்தன: யாரும் ஊன்றாத இந்தக் காட்டுக்கொடிகளின் விதை எப்படி இடம்விட்டு இடம் போகிறது? அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் கொறங்காட்டை (மேய்ச்சல் நிலத்தை)ச் சுற்றிக் கிளுவை வேலி இருக்கிறது. அதில் கோவை, ஐவிரலி, முசுமுசுக்கை எல்லாம் தாமாகவே ஏறிப் படர்கின்றன. காட்டின் நடுவில் தேடினால் ஒரு கொடிகூடக் கிடைப்பதில்லை. "வேலிக்கென்றே பிறந்த கொடி" என்று எங்கள் அப்பாரு சொல்வார். விதை எப்படி வேலியைத் தேடி வருகிறது? (விவசாயி, காங்கேயம்)

பதில்: விதை வேலியைத் தேடி வருவதில்லை, விதையை வயிற்றில் சுமந்துகொண்டிருக்கும் பறவை, உட்காருவதற்கு வேலியைத் தேடி வருகிறது. பச்சையாக இருக்கும்போது வெண்கோடுகளோடு இலைக்குள் மறைந்திருக்கும் கோவைக்காய், விதை முற்றிய பிறகே மேலும் உள்ளும் ஒன்றுபோலச் சிவக்கிறது. காட்டுக்கோவையின் பச்சைக்காய் கசக்கும், பழமோ இனிக்கும். விதை முளைக்கத் தகுதி பெறும்வரை கசப்பால் தடுத்து, தகுதி பெற்றதும் நிறத்தாலும் சுவையாலும் அழைப்பது இந்தக் கொடியின் வழக்கம். சின்னான், குயில், மைனா போன்ற பறவைகள் பழத்தைக் கொத்தி, வழவழப்பான சதையோடு தட்டை விதைகளையும் சேர்த்து விழுங்கிவிடுகின்றன. சதை செரித்த பின் விதை சேதமில்லாமல் எச்சத்தோடு வெளியேறுகிறது.

அந்த எச்சம் எங்கே விழும் என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. பறவை பழத்தைத் தின்ற இடத்திலேயே தங்குவதில்லை. அடுத்த கிளைக்கோ, அடுத்த வேலிக்கோ, தந்திக்கம்பிக்கோ பறந்துபோய் அமர்கிறது. கொழுக்கட்டைப்புல் மண்டிய திறந்த மேய்ச்சல் நிலத்தின் நடுவே அமர இடமில்லாததால், அங்கு விழும் எச்சம் குறைவு. அப்படியே ஒரு விதை விழுந்து முளைத்தாலும், கொழுகொம்பில்லாத அந்த இளங்கொடி வெயிலையும் ஆட்டின் வாயையும் தாண்டி வளர்வது கடினம். கிளுவை முள்ளின் அடியிலோ நிழலும் உதிர்ந்த இலை மக்கிய மண்ணும் இருக்கின்றன. ஆடு மூக்கை நுழைக்க அஞ்சுகிறது. ஏறுவதற்குக் கிளையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆகவே விதை வந்து சேர்வதும், சேர்ந்தது பிழைப்பதும் ஒரே இடத்தில் கூடிவிடுகின்றன. உங்கள் காட்டின் நடுவே வெள்வேல மரம் இருந்தால், மழைக்குப் பிறகு அதன் தூரை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். மாடு கடிக்காத மூலையில் ஒரு கோவை நாற்றாவது தென்படக்கூடும். அதுவும் பறவை அமர்ந்த இடம்தானே.

நீங்கள் குறிப்பிட்ட மற்ற இரண்டும் இதே வழியில் பரவுபவை. ஐவிரலியின் உருண்டைப் பழம் வெண்கோடுகளோடு சிவக்கும். முசுமுசுக்கையின் பழம் மிளகைவிடச் சற்றுப் பெரிய செம்மணி. ஐவிரலிப் பழம் பறவைக்கு உணவே ஒழிய மனிதருக்கு நஞ்சு என்பதால், கோவைப்பழம் பறிக்கும் குழந்தைகளுக்கு இரண்டையும் பிரித்துக் காட்டி வைப்பது நல்லது. கோவைப்பழம் நீண்டு தனித்துத் தொங்கும். ஐவிரலி உருண்டு கொத்தாகக் காய்க்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோவைப்பழம் என்றதும் எல்லோருக்கும் கிளிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் விதை பரப்புவதில் கிளியை அவ்வளவாக நம்ப முடியாது. கிளி விதையையே கடித்து நொறுக்கித் தின்னும் இயல்புடையது. அதன் வாயிலிருந்து தவறிக் கீழே விழுந்த விதைகள்தான் தப்பிக்கும். புகழ் கிளிக்கு, உழைப்பு சின்னானுக்கு.

பறவையால் பரவும் கொடி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஹவாய்த் தீவுகள் சான்று. காய்கறிக்காகக் கொண்டுபோன நம் கோவைக்கொடி அங்கே தோட்டத்தைத் தாண்டி மரங்களையும் மின்கம்பங்களையும் போர்வைபோல மூடத் தொடங்கியது. கடைசியில் 1996-ல் அதன் தண்டைத் துளைக்கும் ஓர் அந்துப்பூச்சியைக் கென்யாவிலிருந்து கொண்டுவந்து விடவேண்டிய நிலை வந்தது. நம் ஊரில் அதைத் தின்னும் பூச்சிகளும் நோய்களும் உடன் வாழ்வதால், அது வேலி அளவில் நிற்கிறது.

கேள்வி: தொட்டவுடன் தண்ணீரைப் பீய்ச்சி விதையை எறியும் ஒரு வெள்ளரியைக் கைப்பேசியில் பார்த்தேன். அது உண்மையா? நம் பகுதியில் அப்படி ஒரு செடி இருக்கிறதா? (பள்ளி மாணவி, பெருந்துறை)

பதில்: உண்மைதான். நீ பார்த்தது எக்பாலியம் எலட்டீரியம் என்னும் செடி. மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளில் சாலையோரத்திலும் தரிசு நிலத்திலும் களையாக வளர்கிறது. நம் பகுதியில் இயல்பாக வளர்வதில்லை. 'வெளியே எறி' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது எக்பாலியம் என்னும் பெயர். வெள்ளரி, பூசணி, கோவை எல்லாம் அடங்கிய அதே குடும்பந்தான் இதற்கும். ஆனால் கோவையைப்போல வேலி ஏறுவதில்லை. பற்றுக்கம்பியே இல்லாமல் தரையோடு படர்ந்து கிடக்கும். அதனுடைய காய் நாலைந்து சென்டிமீட்டர் நீளத்தில், சொரசொரப்பான மயிர்களோடு, வளைந்த காம்பின் நுனியில் தொங்கும்.

வேப்பம்பழத்தின் நுனியைக் கிள்ளிவிட்டு இரண்டு விரல்களால் பிதுக்கினால் கொட்டை எதிரே நிற்பவர் நெற்றியில் போய் அடிக்கும். இந்த விளையாட்டை நீயும் விளையாடியிருப்பாய். அங்கே பிதுக்குவது விரல். எக்பாலியம் காயிலோ, உள்ளே ஊறி நிறையும் வழவழப்பான நீரும், அதனால் இழுபட்டு விறைத்து நிற்கும் தோலும் சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன. காம்பு, குப்பியின் வாயிலிருக்கும் தக்கையைப்போலக் காயை அடைத்துக்கொண்டிருக்கிறது. முற்றியதும் காய் காம்பிலிருந்து கழன்றுகொள்ள, அந்தத் துளை வழியே நீரும் விதைகளும் ஒரே பீச்சாகப் பாய்கின்றன. காய் ஒரு பக்கமும் விதைகள் எதிர்ப்பக்கமுமாகப் பறக்கும். மொத்த நிகழ்ச்சியும் ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள் முடிந்துவிடுவதால், கண்ணுக்குத் தெரிவது சிதறிய ஈரம் மட்டும்.

2024-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு, மான்செஸ்டர் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதை அதிவேகப் படக்கருவியால் பதிவு செய்து அளந்தார்கள். விதை நொடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. மணிக்குக் கணக்கிட்டால் 72 கிலோமீட்டர், ஏறத்தாழ உங்கள் ஊர் நெடுஞ்சாலையில் ஓடும் பேருந்தின் வேகம். விதை போய் விழும் தூரம் பத்து மீட்டர் அளவில், அதாவது காயின் நீளத்தைப்போல ஏறக்குறைய 250 மடங்கு. என்னை அதைவிட வியக்க வைத்தது அவர்கள் கண்ட இன்னொரு செய்தி. வெடிப்பதற்கு முந்தைய நாட்களில், காய்க்குள் இருக்கும் நீரில் ஒரு பகுதி காம்புக்குத் திரும்பிப் போகிறது. இதனால் காயின் அழுத்தம் சற்றுக் குறையத்தான் செய்கிறது. ஆனால் நீர் ஏறிய காம்பு நீண்டு, தடித்து, விறைத்து நிமிர்வதால், தலைகீழாகத் தொங்கிய காய் 45 பாகைக்கு நெருங்கிய சாய்வுக்கு வந்து நிற்கிறது. கவண் வீசுகிறவருக்கும் ஈட்டி எறிகிறவருக்கும் தெரிந்த கணக்கு அது: தரையோடு எறிந்தாலும், நேர் மேலே எறிந்தாலும் பொருள் அருகிலேயே விழும், நடுச்சாய்வில் எறிந்தால்தான் தூரம் போகும். விசையில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து இந்தச் செடி குறியைச் சரிசெய்துகொள்கிறது.

நம் வாசலிலும் விதை தெறிக்கும் செடிகள் உண்டு. களத்தில் காயப்போட்ட ஆமணக்குக் காய் வெயிலில் படீரென்று வெடித்து முத்தைத் தெறிக்கும். காசித்தும்பைக் காயைத் தொட்டால் சுருண்டு விதையை உதறும். கனகாம்பரக் காய் நனைந்தால் வெடிக்கும். ஆனால் இவற்றில் எதுவும் எக்பாலியம்போல நீரைக் குழாயிலிருந்து விடுவதுபோலப் பீய்ச்சி, அந்த நீரோடு விதையை அனுப்புவதில்லை. எங்கேனும் தாவரப் பூங்காவில் அதைக் காண வாய்த்தால், குனிந்து முகத்தை அருகில் கொண்டுபோகாதே. அதன் சாறு கடும் பேதி மருந்தாகப் பழங்காலத்தில் பயன்பட்டது. கண்ணில் பட்டால் எரித்துப் புண்ணாக்கும்.

கேள்வி: தாராபுரத்தில் அமராவதி மணலில் பந்துபோல உருண்டு கிடக்கும் தும்மட்டிக்காயை மாடுகூடத் தொடுவதில்லை. யாரும் தின்னாத காய் எப்படிப் பரவுகிறது? (ஓய்வுபெற்ற அலுவலர், தாராபுரம்)

பதில்: தும்மட்டி என்னும் பெயரைச் சில ஊர்களில் சிறு வெள்ளரி வகைகளுக்கும் சொல்வதால், நீங்கள் குறிப்பிடுவது பேய்த்தும்மட்டி, அதாவது ஆற்றுத்தும்மட்டி என்று எடுத்துக்கொள்கிறேன். இது தர்ப்பூசணிக்கு மிக நெருங்கிய உறவு. இலையின் வெட்டுகளைப் பார்த்தாலே அந்த உறவு விளங்கும். நம் முன்னோர் ஒரு செடியின் பெயருக்கு முன்னால் 'பேய்' என்று சேர்த்தால், பெரும்பாலும் கசப்பு என்று பொருள். பேய்ப்பீர்க்கு, பேய்ச்சுரை, பேய்ப்புடல் எல்லாம் இந்த வரிசையே. குக்கர்பிட்டாசின் என்னும் வேதிப்பொருள்தான் இந்தக் குடும்பத்துக்கே உரிய அந்தக் கசப்பைத் தருகிறது.

நீங்கள் 'உருண்டு கிடக்கும்' என்று எழுதியிருக்கிறீர்கள்; விடையும் அதுவே. கோடையில் கொடி காய்ந்த பின் காம்பு இற்றுப்போகிறது. உள்ளிருக்கும் சதை வற்றிச் சுருங்க, மெல்லிய ஓடும் அதற்குள் கலகலக்கும் விதைகளும் மட்டும் மிஞ்சுகின்றன. எடை இழந்த அந்த உருண்டையைப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் ஆடிக்காற்று மணலில் உருட்டிக்கொண்டு போகிறது. கல்லிலோ கரையிலோ மோதி ஓடு உடையும் இடத்தில் விதை சிந்துகிறது. ஆற்றில் திடீரென நீர் வந்தால் மிதந்தும் போகும். பாலை நிலங்களில் காற்றே இதற்கு முதன்மையான வாகனம்.

மிதப்பதில் இந்தக் குடும்பத்தின் முதல்வன் சுரைதான். கிணற்றில் நீச்சல் பழகச் சுரைப்புருடையை முதுகில் கட்டிக்கொண்டு குதித்த தலைமுறையைச் சேர்ந்தவர் நீங்கள் என்றால், அதன் மிதப்பைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சுரையின் தாயகம் ஆப்பிரிக்கா. ஆனால் அமெரிக்கக் கண்டங்களில் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே அது இருந்ததற்குத் தொல்லியல் சான்று உண்டு. கப்பல் இல்லாத காலத்தில் எப்படிப் போனது? 1954-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர், சுரைக்குடுக்கைகளைக் கடல்நீரில் 224 நாட்கள் மிதக்க விட்டு, பிறகும் அவற்றின் விதை முளைப்பதைக் காட்டினார்கள். மனிதர் கையோடு ஆசியா வழியாகக் கொண்டுபோயினர் என்று 2005-ல் வந்த ஓர் ஆய்வு கூறியது. அட்லாண்டிக்கில் தானாக மிதந்தே ஆப்பிரிக்காவிலிருந்து போயிற்று என்று 2014-ல் வந்த மரபணு ஆய்வு கூறியது. எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது.

'யாரும் தின்னாத' என்பதையும் சற்றுத் திருத்த வேண்டும். கசப்பு எல்லா வாய்க்கும் ஒரே அளவில் தெரிவதில்லை. அமெரிக்காவின் காட்டுப் பூசணிகள் இதைப் போலவே கசப்பானவை. ஆயினும் யானைக்கு உறவான, இன்று அழிந்துபோன மாஸ்டொடான் என்னும் பெருவிலங்கின் பழஞ்சாணத்தில் அவற்றின் விதைகள் கிடைத்திருக்கின்றன. பெரிய உடல் கொண்ட விலங்குகளுக்குக் கசப்பை உணரும் மரபணுக்கள் சிறிய விலங்குகளைவிடக் குறைவு என்று 2015-ல் வெளியான ஆய்வு காட்டுகிறது. எலி கடித்தால் விதை அழியும். யானை விழுங்கினால் விதை பயணம் போகும். அந்த வேறுபாட்டைக் கசப்பு அறிந்து வைத்திருப்பதுபோல இருக்கிறது.

கேள்வி: காய்ந்த பேய்ப்பீர்க்கின் அடியில் ஒரு துளை இருக்கிறதே, அது பூச்சி அரித்ததா? (இல்லத்தரசி, அந்தியூர்)

பதில்: பூச்சி அரித்ததன்று, அது வாசல். பீர்க்கு இனத்தின் காய் முற்றிக் காய்ந்ததும் நுனியிலிருக்கும் சிறு மூடி தானாகக் கழன்று விழுந்துவிடுகிறது. காய் தலைகீழாகத் தொங்குவதால், காற்று ஆட்டும்போதெல்லாம் உள்ளே நார்வலையின் இடுக்கிலிருந்து இரண்டு மூன்று கரிய விதைகள் மட்டும் கீழே உதிர்கின்றன. பவுடர் டப்பாவைக் கவிழ்த்து ஆட்டுவதற்கு ஒப்பான வேலை அது. ஒரே நாளில் அத்தனையும் கொட்டிவிடாமல் நார் தடுத்து நிறுத்துவதால், வெவ்வேறு நாளில் வெவ்வேறு காற்றில் வெவ்வேறு பக்கம் விழும். தூரம் அதிகம் இல்லை. மீதியை மழைநீர் ஓடை பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: இந்தக் குடும்பத்தில் இறக்கை முளைத்த விதையும் உண்டென்று ஒரு மாணவன் சொன்னான். நான் நம்பவில்லை. (ஆசிரியர், பொள்ளாச்சி)

பதில்: மாணவன் சொன்னது சரி. ஜாவா, சுமத்திரா, போர்னியோ காடுகளில் உயர்ந்த மரங்களில் ஏறும் அல்சோமித்ரா மாக்ரோகார்ப்பா என்னும் கொடியில் மனிதத் தலையளவு காய் தொங்கும். அதன் அடிப்பக்கம் திறந்ததும், ஒவ்வொரு விதையும் வெங்காயச் சருகைவிட மெல்லிய இறக்கையோடு வெளியே நழுவுகிறது. இறக்கையின் அகலம் அரைச் சாணைவிடச் சற்று அதிகம், 12 முதல் 15 சென்டிமீட்டர். விதையின் எடை அரை கிராம்கூட இல்லை. இந்த விதை சுழன்று விழாமல், விரித்த சிறகோடு வட்டமிட்டுச் சறுக்கிக்கொண்டே இறங்குகிறது. அது கீழிறங்கும் வேகம் நொடிக்கு அரை மீட்டருக்கும் குறைவு. கடலில் செல்லும் கப்பல்களின் தளத்தில்கூட இவை வந்து விழுந்ததாகச் சொல்வார்கள்.

கோவை மாவட்டத்து வாசகர் என்பதால் ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். அன்றைய ஆஸ்திரியப் பேரரசின் பொஹிமியாப் பகுதியில் நூற்பாலை நடத்திய குடும்பத்தில் பிறந்த இகோ எட்ரிச், இந்த விதையின் சிறகமைப்பைப் பார்த்துத்தான் தம் விமானத்தின் இறக்கையை வடிவமைத்தார். 'புறா' என்று பொருள்படும் டௌபே என்ற பெயருடன் அது 1910-ல் பறந்தது. நூற்பாலை வீட்டுப் பிள்ளைக்குச் சுரைக்குடும்பத்து விதை விமானம் கற்றுக்கொடுத்திருக்கிறது. மாணவனுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள்: ஜாவாவுக்குப் போக வேண்டியதில்லை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் வளரும் சனோனியா இண்டிகா என்னும் கொடியின் விதைக்கும், அளவில் சிறியதானாலும், இறக்கை உண்டு.

கேள்வி: பழுத்த கோவைப்பழத்தின் விதையைப் போட்டு வீட்டில் கொடி வளர்த்தேன். செழித்துப் பூத்ததே தவிர ஒரு காய்கூட இல்லை. என்ன குறை? (இல்லத்தரசி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: குறை ஒன்றும் இல்லை, உங்களுக்கு வாய்த்தது ஆண்கொடி. கோவையில் ஆண் பூவும் பெண் பூவும் வெவ்வேறு கொடியில் பூக்கின்றன. மனிதரைப் போலவே எக்ஸ், ஒய் குரோமோசோம்களே அதைத் தீர்மானிக்கின்றன. ஆகையால் விதையிலிருந்து வளர்த்தால் ஏறக்குறைய பாதிக் கொடிகள் ஆணாகிவிடும், பூக்கும்வரை அடையாளமும் தெரியாது. பூவின் அடியைப் பாருங்கள்: பெண் பூவானால் இதழுக்குக் கீழே பிஞ்சுக்கோவையின் வடிவம் இருக்கும், ஆண் பூவானால் வெறும் காம்புதான். காய்க்கும் கொடி வேண்டுமென்றால், அக்கம்பக்கத்தில் நன்றாகக் காய்க்கும் ஒரு கொடியிலிருந்து மூன்று நான்கு கணுக்களோடு முற்றிய தண்டை வெட்டி, ஆனி, ஆடி மழையில் ஊன்றிவிடுங்கள். தோட்டக்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். இருக்கிற ஆண்கொடியைப் பிடுங்கிவிடாதீர்கள்; புதிய கொடியின் பெண் பூக்களுக்கு அதன் மகரந்தம் உதவும்.